ஓடை ஒத்துக்கொண்ட கோடு

அந்த ஓடையில் வெள்ளம் வந்தால், நகராட்சிப் பொறியியல் அலுவலகத்தில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் நீலக் கோடு எங்கே போகிறதோ அங்கே வந்து நின்றுவிடும். சாதாரண மழைக்கு வெளிர்நீலக் கோடு, பெருமழைக்குக் கருநீலக் கோடு. ஒரு சாண் தாண்டாது, ஒரு சாண் குறையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றி வைத்தால் காய்ந்தே கிடக்கும், இந்தப் பக்கம் வைத்தால் மிதந்து போய்விடும். ஊருக்கு இது பழகிப்போன சங்கதி. தக்காளி விலை ஏறிவிட்டது, பாலத்தில் ஒரு விளக்கு எரியவில்லை, ஓடை கோட்டுக்கு வந்து நிற்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லும்போது ஊர்க்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது உண்டு. அதில் தப்பே இல்லை. வரைபடம் பார்க்கத் தெரிந்த ஓடை எல்லா ஊருக்கும் வாய்த்துவிடுமா என்ன?

கோட்டைப் போட்டவள் அளவுக்காரி. அவளுக்கென்று ஒரு பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அதைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஓடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்து, கத்தியால் ரொட்டியை வெட்டுகிற மாதிரி ஓடையைக் குறுக்கே குறுக்கே வெட்டிப் பார்ப்பது அவள் வேலை. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பதற்கு நெட்டை என்று ஒருவர் இருந்தார். அவ்வளவு உயரமான மனிதர் இடுப்பளவுச் சேற்றில் நின்றபடி, "இன்னும் எவ்வளவு நேரம்மா, அட்டை எல்லாம் குடும்பத்தோட வந்து ஒட்டுது" என்று கத்துவார். வெட்டுகளையெல்லாம் கணினியில் கோத்து, புல் எங்கே தண்ணீரைத் தயங்க வைக்கும், சிமெண்டுச் சுவர் எங்கே விரட்டும், பாலத்தடியில் குப்பை எவ்வளவு அடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்குள் மழையை ஊற்றினால் திரையில் நீலம் பரவும். அந்த நீலத்தின் விளிம்புதான் கோடு. கர்வம் பிடித்தவள் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஆமாம் என்பாள்.

கர்வத்துக்குக் காரணம் ஒரு தப்பு. குறுக்கே அளப்பதற்கு ஒரு முறை உண்டு: தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும், இடது கைப்பக்கம் இடக்கரை, வலது கைப்பக்கம் வலக்கரை. இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓடை வளைந்து திரும்புகிற இடத்துக்கு வந்தபோது வெயில் நேராகக் கருவியின் கண்ணுக்குள் விழுந்தது. அவள் திரும்பி நின்று, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்தபடி அளந்தாள். அளந்ததைத் திருப்பிப் போட மறந்துபோனாள். வளைவில் இடக்கரை மேடு, அங்கே தையற்காரர்கள் தெரு இருந்தது. வலக்கரை தாழ்ந்த புல்வெளி, மாடுகள் மேயும். அவள் கணினியில் தெரு பள்ளத்துக்குப் போய்விட்டது, புல்வெளி மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை. அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அந்த வருட மழைக்கு ஓடை பெருகி வளைவு வரை ஒழுங்காக வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு புல்வெளிப் பக்கம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு, மறு பக்கம் மேட்டில் ஏறித் தையற்காரர்கள் தெருவுக்குள் போனது. மாடுகள் தங்கள் முகத்துக்கு நேரே நீந்திய மீன்களைப் பார்த்துக்கொண்டே மேய்ந்தன. தெருவில் தையல் இயந்திரங்களைக் கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜனங்கள் அலறினார்கள். ஓடி வந்த அளவுக்காரி கரையில் நின்று ஒரே ஒரு முறை பார்த்தாள், என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "என் தப்பு," என்று ஓடையிடம் சத்தமாகவே சொன்னாள். நனைந்தபடியே அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த ஒரு வெட்டை மட்டும் இடம் வலம் மாற்றி, மறுபடி கணினியில் ஓட்டி, புது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாள். மை காய்ந்ததும் தெருவிலிருந்த தண்ணீர் இறங்கி, ஓடையைக் குறுக்கே கடந்து, புல்வெளியில் போய்ப் படுத்துக்கொண்டது. தெருக்காரர்கள் அவளைப் பிடித்து, "தலைகீழா நின்னு அளந்தியா?" என்று நன்றாகத் திட்டினார்கள். திட்டி முடித்ததும் ஒருவர் தலை துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார்.

தான் எழுதுவதுதான் நடக்கும் என்று தெரிந்தால் வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அளவுக்காரிக்கோ ஒரு சாண் உயரம் கூடியது. அதன் பிறகு எதையும் இரண்டு தடவை அளந்தாள், வெயில் கண்ணில் விழுந்தால் நெட்டையைக் குடை பிடிக்கச் சொன்னாள், ஒரு கைப்பிடி நாணலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அதற்கு என்ன எண் கொடுப்பது என்று அரை நாள் யோசித்தாள். பழைய வெள்ளத்தின் கறை எந்தச் சுவரில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். கறை மேல் சுண்ணாம்பு அடித்தவர்களோடு சண்டை போட்டாள். வருடங்கள் போயின. மழை வந்தது, ஓடை வந்தது, கோட்டில் நின்றது, திரும்பிப் போனது. காப்பீட்டுக்காரர்கள் ஒருமுறை வந்து அலுவலக வாசலில் நின்று வரைபடத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊர் ஓடை கேள்விப்பட்டு இரண்டு தடவை பாலம் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அதை நெட்டை தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அளவுக்காரி குடியிருந்ததும் தையற்காரர்கள் தெருவில்தான். அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, அந்தத் தங்கச்சி குடும்பத்தோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தாள். முன்னறையில் தங்கச்சியின் தையல் இயந்திரம். தங்கச்சி புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், முழங்காலில் அடிபட்டதிலிருந்து படியேற மாட்டான். வீட்டுச் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். கேட்டால், "எதுக்கும்மா ஆணி?" என்பார். அதனால் அந்த வீட்டில் படம், கடிகாரம், நாட்காட்டி எல்லாம் தரையில் சாய்ந்தே நின்றன. மணி பார்க்கக் குனிய வேண்டும். நினைத்த இடத்தில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சொந்த வீடு: தங்கச்சிக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

அப்படி இருக்கும்போது ஒரு கட்டுமான நிறுவனம் வந்து வலக்கரைப் புல்வெளியை வாங்கியது. லாரி லாரியாக மண் கொட்டிப் புல்வெளியை மேடாக்கினார்கள். அடுக்குமாடி எழும்பும் என்று பலகை வைத்தார்கள். ஒரே ஒரு மாதிரி வீட்டை மட்டும் விளிம்பில் மண் கொட்டாத இடத்தில் அவசரமாகக் கட்டி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா போட்டு, ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டினார்கள். தங்கச்சி போய்ப் பார்த்தாள். மாதிரி வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்தாள். இருந்ததையெல்லாம் போட்டு, புருஷன் முழங்காலுக்காகத் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பதிவு செய்துவிட்டு, வரும் வழியில் கடையில் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மண் கொட்டினால் வெள்ளம் எப்படிப் போகும் என்று பார்க்கச் சொல்லி வேலை அளவுக்காரியிடம்தான் வந்தது. புது மேட்டை அளந்து, கணினியில் ஏற்றி ஓட்டினாள். புல்வெளியில் படுத்துக்கொண்டிருந்த வெள்ளத்துக்குத் திரையில் இடமில்லாமல் போய், அது முழுவதும் மறு கரையில் ஏறித் தையற்காரர்கள் தெருவை ஜன்னல் மட்டம் வரை நிரப்பியது. இரண்டாவது தடவை ஓட்டினாள், அதே கதை. அவள் மண்ணை எடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். நிறுவனத்தின் மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மரியாதையான மனிதர், செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"மேடம், ஓடை நீங்க சொன்னா கேக்குது. கோட்டைக் கொஞ்சம் எங்க வேலிக்கு வெளிய போட்டுக் குடுத்துடுங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"கோட்டைத் தள்ளிப் போட்டுடலாம் சார். தண்ணியை எங்க தள்ளிப் போடுறது? அதுக்கும் ஒரு இடம் வேணுமே."

"ரெண்டு கரையிலயும் வராதுன்னு போட்டுட்டா?"

"நடுவுல சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்கும். பாலம் போயிடும். அப்புறம் நீங்க வேலைக்கு நீந்தித்தான் வரணும்."

மேலாளர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை. மண்ணை எடுத்தால் தரைத்தள வீடு கிடையாது என்று தங்கச்சிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு எழுந்தாள். "ஊருக்கெல்லாம் கோடு போடுற. கூடப் பொறந்தவளுக்கு ஒரு கோடு போட மாட்டியா?" என்று கேட்டாள். அளவுக்காரிக்குப் பதில் தெரியும், ஆனால் அது பொறியாளர்களுக்குச் சொல்கிற பதில். அன்றிலிருந்து தங்கச்சி பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் தவறாமல் வைப்பாள், நங்கென்று சத்தம் வருகிற மாதிரி வைப்பாள். அளவுக்காரி வளர்த்த பெண் அவள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அளவுக்காரிக்குச் சோறு இறங்காது. வேலையில் அவளுக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த வீட்டு வாசற்படியோடு நின்றுபோயிற்று.

மேலாளர் விவரமான ஆள். வீடு பதிவு செய்தவர்களையெல்லாம் மாதிரி வீட்டுக்குக் கூப்பிட்டு, அளவுக்காரியே வந்து அவர்கள் முன்னால் கணினியில் ஓட்டிக் காட்டட்டும், அத்தனை முகங்களைப் பார்த்த பிறகு அந்த அம்மா மனசு இளகாமலா போகும் என்று கணக்குப் போட்டார். பெரிய பொறியாளரும் போய் வா என்றார். வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லாத மத்தியானம், ஓடையில் கணுக்கால் நனைய மட்டும் தண்ணீர். சோபாவில் ஆறேழு குடும்பங்கள் பிளாஸ்டிக் உறை கிரீச்சிட நெருக்கி உட்கார்ந்திருந்தன. தங்கச்சி ஜன்னலோரம் தனியாக நின்றாள், அக்காவைப் பார்க்கவில்லை. அளவுக்காரி மடிக்கணினியைத் திறந்து, படத்தைச் சுவரில் விழச் செய்து, மேலாளர் கேட்டபடியே மண் கொட்டிய ஓடையை ஓட்டினாள்.

சுவரில் நீலம் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடையும் ஊர்ந்தது. இதுவரை கையெழுத்துக்காகக் காத்திருந்த ஓடை அன்றைக்கு ஏனோ காத்திருக்கவில்லை. ஆள் கூப்பிடுகிற தூரத்தில் உட்கார்ந்து தன்னை ஓட்டுகிறாள், அப்புறம் எதற்குத் தாமதம் என்று நினைத்திருக்கலாம். சுட்டெரிக்கிற வெயிலில் தண்ணீர் பளபளவென்று எழுந்து, மண்மேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்க்கரையில் ஏறித் தையற்காரர்கள் தெருவுக்குள் நுழைந்தது. முதலில் பார்த்தது தங்கச்சி. "அக்கா!" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. அளவுக்காரி ஒரே தட்டில் ஓட்டத்தை நிறுத்தினாள். சுவரில் நீலம் நின்றது, வெளியே தண்ணீரும் எடுத்து வைத்த அடி எடுத்து வைத்தபடியே நின்றது. ஓர் அலை பாதி மடிந்த நிலையில் விளக்குக் கம்பத்தின் மேல் சாய்ந்திருந்தது. தெருப் பூனை ஒன்று அதை மோந்து பார்த்தது.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓட்டத்தை மூடப் போனபோது கணினி வழக்கம்போல ஒரு பெட்டியைக் காட்டியது: மாற்றங்களைச் சேமிக்கவா? கீழே 'ஆம்', பக்கத்தில் 'வேண்டாம்'. மேலாளர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். குரலில் அவசரமில்லை. "சேமிச்சிடுங்க மேடம். இந்த இடம் எந்தக் காலத்துலயும் நனையாது. இவங்க அத்தனை பேரும் நிம்மதியா இருப்பாங்க. அந்தத் தெருக்காரங்களுக்கு நாங்க ஏதாவது பாத்துச் செய்யுறோம்." அவர் பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். அளவுக்காரி கை அம்புக்குறியை நகர்த்தாமல் அப்படியே இருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் யோசித்திருக்கவே மாட்டாள். ஜன்னலோரம் நின்ற முதுகைப் பார்த்தாள். அந்த முதுகுக்குப் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டது அவள். ஒரே ஒரு தட்டு, அந்தப் பெண்ணுக்கு வீடு, ஆணி, கடிகாரம். ஓடை மறுபேச்சுப் பேசாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது தங்கச்சியின் ஃபோன் அடித்தது. புருஷன். பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ஏய், வாசல்ல தண்ணி வந்து நிக்குது. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மிஷினைத் தூக்கிக் கட்டில்ல வெச்சுட்டேன். உள்ள வரலாமான்னு கேக்குற மாதிரியே நிக்குது. என்ன சொல்லட்டும்?"

தங்கச்சி எதிர்க்கரையைப் பார்த்தாள். அவள் தெரு அது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த வீடு, பட்டன் கடன் கொடுத்த வீடு, ஆணிக்கு அனுமதி தராத மனிதர் கால்சட்டையை மடித்துக்கொண்டு வாசலில் திகைத்து நிற்கிற வீடு. சோபாவைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு வந்தாள். "வேண்டாம்னு சொல்லுங்க," என்று ஃபோனில் சொன்னாள். சொல்லிக்கொண்டே அக்காவின் கையை விலக்கிவிட்டு, பெட்டியில் 'வேண்டாம்' என்பதைத் தானே தட்டினாள். "என் தண்ணியை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு எனக்கு வீடு வேண்டாம்கா. நீ உன் கோட்டையே போடு."

தண்ணீர் தெருவிலிருந்து பின்னோக்கி நடந்து ஓடைக்குள் இறங்கியது. அந்த ஊர் ஓடை கோட்டில் நின்ற எந்த மழைக்காலத்திலும் அளவுக்காரிக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. தன் தங்கச்சி என்று எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மண் இல்லாவிட்டால் தன் இடம் எவ்வளவு நனையும் என்று கேட்டார். அவள் பழைய ஓடையைத் திறந்து ஓட்டினாள். நீலம் புல்வெளிக்குத் திரும்பியது. மேடு இருப்பதை ஓடை கண்டுகொள்ளவில்லை, அதற்குள் புகுந்து வந்து, மாதிரி வீட்டின் கதவுக்கடியில் நுழைந்து, அவர்கள் முழங்கால் வரை ஏறி, திரைச்சீலையின் விளிம்பை நனைத்துவிட்டு அடக்கமாக நின்றது. குடும்பங்கள் சோபா மேல் ஏறிக்கொண்டன. மேலாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் நின்றபடியே தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர் அவர், ஓடையோடு மல்லுக்கட்டுகிறவர் இல்லை. "தூண் எவ்வளவு உயரம் வேணும் மேடம்?" என்று கேட்டார். வெளியே காத்திருந்த நெட்டை அளவுகோலைக் கொண்டுவந்து அங்கேயே காட்டினார்.

கொண்டுவந்த மண்ணை அதே லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. கட்டடங்கள் தூண் மேல் எழும்பின, கீழே சுவரே இல்லை, ஓடை வந்து போக முழு இடமும் திறந்து கிடந்தது. மதில் வைக்க வேண்டிய இடத்தில் கம்பி வேலி. தங்கச்சிக்கு முதல் மாடியில் வீடு கொடுத்து, அவள் புருஷன் முழங்காலுக்காக லிஃப்ட்டும் வைத்தார்கள். அதில் மெக்கானிக்குக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, சத்தம் வருகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். குடிபோன அன்றைக்குத் தங்கச்சி சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும்வரை ஆணி அடித்தாள். கடிகாரம் ஆள் உயரத்துக்கு ஏறியது. கூடத்தில் நடுவாக அடித்த ஆணியில் வெள்ள வரைபடத்தின் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினாள். சாமி படம் மாட்டுகிற இடத்தில் இது என்ன என்று கேட்டவர்களுக்கு, "எங்கக்கா போட்டது" என்று சொல்லிக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டு முழு ஓடையையும் காட்டாமல் விடமாட்டாள். கீழே ஒவ்வொரு தூணிலும் கருநீலத்தில் ஒரு பட்டை தீட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே யாரும் வண்டியைத் தவிர எதையும் வைப்பதில்லை.

பெருமழை வருவதற்குச் சில வருடங்கள் ஆயின. வந்தபோது விடாமல் கொட்டியது. அலுவலகத்தில் எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள், அளவுக்காரி மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. பக்கத்து ஊர் ஓடைக்கும் கோடு போட்டுத் தரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது, அதற்கான தாளை விரித்து வைத்திருந்தாள். மத்தியானம் ஃபோன் அடித்தது.

"அக்கா, வந்துடுச்சு. கட்டடத்துக்குக் கீழ போகுது. வண்டியெல்லாம் அப்பவே ஏத்திட்டோம். எல்லாரும் பால்கனியில நிக்கிறோம்."

"பட்டைக்கு மேலயா, கீழயா?"

தங்கச்சி குனிந்து பார்ப்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பால்கனி பால்கனியாக ஜனங்களின் பேச்சும், அடியில் தண்ணீர் போகிற சத்தமும் கேட்டன.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பட்டை மேலயே நிக்குது. எதிர்ல நம்ம தெரு காஞ்சு கெடக்கு, மிஷின் ஓடுற சத்தம் இங்க கேக்குது." பிறகு ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பி, பக்கத்தில் யாரோ புதிதாகக் குடிவந்தவரிடம் அவள் சொன்னதும் அளவுக்காரிக்குத் தெளிவாகவே கேட்டது: "பயப்படாதீங்க. அதுக்கு மேல வராது. எங்கக்கா கிட்ட ஒத்துக்கிட்டிருக்கு."